வெள்ளை விளிம்பைப் படிப்பது: தொட்டிப் பவளங்களில் திசு உரிதல்

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையாறு, பொள்ளாச்சி என்று இந்தக் கேரள, தமிழக எல்லை வட்டாரத்தில் உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கும் நண்பர்களிடமிருந்து கோடை பிறந்ததும் எனக்கு வரும் செய்திகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரியானவை. பாதி பழுப்பும் பாதி வெண்மையுமாக நிற்கும் அக்ரோபோரா என்னும் கிளைப்பவளத்தின் படம் ஒன்று, அதன் கீழே, “அண்ணா, இதுக்கு என்ன மருந்துங்க போடோணும்?” என்று ஒரு வரி. படத்தை மட்டும் பார்த்து மருந்தின் பெயரைச் சொல்வதில்லை என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். திசு உரிதல் என்பது ஒரு நோயின் பெயர் அன்று. வெப்பம், காரத்தன்மையின் ஏற்ற இறக்கம், பக்கத்துப் பவளத்தின் கொட்டு, கடிக்கும் புழு, பாக்டீரியா, சிலியேட் என்னும் ஒற்றைச் செல் நுண்ணுயிர் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல காரணங்கள் கடைசியில் வந்து சேரும் ஒரே தோற்றம் அது. காயம் எங்கே தொடங்கியது, அதன் விளிம்பு எப்படி இருக்கிறது, எவ்வளவு வேகமாக நகர்கிறது என்ற மூன்றையும் பார்க்காமல் சிகிச்சையைத் தொடங்கினால், பல நேரங்களில் நோய் விட்டுவைத்த திசுவையும் சிகிச்சை கொன்றுவிடுகிறது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. பவள நோய்களை ஆராய்ந்த தியரி வொர்க், கிரெட்டா ஏபி ஆகிய இருவரும் 2006 ஆம் ஆண்டிலேயே, காயத்துக்கு நோய்ப் பெயர் சூட்டுவதற்கு முன்பு அதன் இடம், வடிவம், விளிம்பு, நிறம், பரவல் ஆகியவற்றை முறையாக விவரிக்க வேண்டும் என்று எழுதினார்கள். கடலில் நீந்தி ஆராய்பவர்களுக்குச் சொன்ன அந்த ஒழுங்கு, வரவேற்பறையில் தொட்டி வைத்திருப்பவருக்கு இன்னும் எளிது; நமக்குப் பவளம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, காலையும் மாலையும் பார்க்கலாம்.

முதலில் தீர்க்க வேண்டிய ஐயம், அது திசு உரிதலா, வெளிறலா என்பது. வெள்ளையாகத் தெரிவதெல்லாம் செத்துப்போனதல்ல. வெளிறிய பவளத்தில் திசு இருக்கிறது. திசுவுக்குள் குடியிருந்து உணவு தயாரித்துக் கொடுக்கும் சூசாந்தெல்லே என்னும் நுண்பாசிகளோ அவற்றின் நிறமிகளோ போய்விட்டதால், கண்ணாடி போன்ற திசுவின் வழியே சுண்ணாம்புச் சட்டகம் தெரிகிறது. திசு உரிந்த இடத்தில் சட்டகம் மட்டுமே இருக்கிறது. இதைப் பிரித்தறிய நான் செய்வது இதுதான். பம்ப்புகளை நிறுத்தி, நீர்ப்பரப்பு அசையாமல் நின்ற பிறகு, பூதக்கண்ணாடியைத் தொட்டியின் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, வெள்ளை விளக்கை அணைத்துவிட்டு நீல விளக்கை மட்டும் எரிய விடுகிறேன். வெளிறிய திசுவில் ஒளிரும் புரதங்கள் மிச்சமிருந்தால் மெல்லிய பச்சையோ நீலமோ படர்ந்து தெரியும். பாலிப் என்னும் தனித்தனிப் பவள உயிரின் வாயும், சுருங்கிய உணர்கொம்புகளின் நுனிகளும் புலப்படும். உரிந்த இடத்தில் பாலிப் இருந்த குழிகளின் சுவர்கள் புதிதாக அரைத்த அரத்தின் பற்களைப் போலக் கூர்மையாக நிற்கும். அங்கே ஒளிர்வு இருக்காது. வெளிறிய பவளத்தை வெளிச்சம் குறைந்த இடத்துக்கு மாற்றி, நீரைச் சீராக்கி, சிறிது உணவும் கொடுத்தால் அது வாரங்களில் மீளக்கூடும். அதை அயோடின் நீரில் முக்குவது பட்டினி கிடப்பவனைச் சாட்டையால் அடிப்பதற்குச் சமம்.

உரிதல்தான் என்று உறுதியானால், அடுத்தது வேகம். சட்டகமே இதற்குச் சாட்சி சொல்லும். அன்று வெளிப்பட்ட சட்டகம் சுத்தமான வெண்மையாக இருக்கும். சில நாட்களில் அதன் மேல் மஞ்சளும் பச்சையுமாகப் பாசிப்படலம் ஏறும். பிறகு அது தடித்துப் பழுப்பாகும். திசுவின் விளிம்பை ஒட்டி ஒரு நூலளவு வெண்மையும் அதற்கப்பால் பாசியும் இருந்தால், அந்தக் காயம் பல வாரங்களாக மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இதைத்தான் தொட்டி வைத்திருப்பவர்கள் எஸ்டிஎன் (மெதுவான திசு உரிதல்) என்கிறார்கள். பாசியே இல்லாமல் விரலளவு வெண்மை இருந்தால், அது நேற்றோ இன்றோ நடந்தது. திசு துணுக்குத் துணுக்காகக் கழன்று நீரோட்டத்தில் பறக்கிறதென்றால் அது ஆர்டிஎன் (விரைவான திசு உரிதல்). ஒரே இரவில் முழுப் பவளமும் வெறும் சட்டகமாகிவிடும். விளிம்பில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா, பழுப்புப் பட்டையோ கோழை போன்ற படலமோ இருக்கிறதா, இல்லை வெண்மையும் திசுவும் கத்தியால் கீறியதுபோல நேராகச் சந்திக்கின்றனவா என்பதையும் அப்போதே எழுதி வைக்க வேண்டும். ஒரே கோணத்தில், ஒரே விளக்கொளியில் காலையும் மாலையும் எடுத்த படங்கள் இருந்தால் நினைவை நம்ப வேண்டியதில்லை.

தொடங்கிய இடமும் நிறையச் சொல்லும். கிளையின் நுனிகள் மட்டும் வெந்ததுபோல வெளுத்திருந்தால், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறக்குறைய இல்லாத நீரில் காரத்தன்மையை உயர்த்தி வைத்திருக்கிறீர்களா என்றுதான் முதலில் கேட்பேன். ஒரு பக்கம் மட்டும், அதுவும் பக்கத்துப் பவளத்தை நோக்கிய பக்கம் மட்டும் உரிந்திருந்தால், விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்துச் சிவப்பு டார்ச்சோடு போய்ப் பாருங்கள். பகலில் அடக்கமாக நிற்கும் கேலக்ஸியாப் பவளம் இரவில் நீளமான கொட்டும் இழைகளை வீசிக்கொண்டிருப்பது தெரியும். அதற்கு மருந்து இடைவெளி மட்டுமே. அடியிலிருந்து மேலேறும் உரிதல்தான் மிகவும் குழப்பமானது. அடிப்பகுதிக்கு வெளிச்சமும் நீரோட்டமும் குறைவு, அங்கே கசடு தங்கும், புழுவும் அங்கேதான் ஒளியும்; நீரில் எது கெட்டாலும் முதலில் வலுவிழப்பதும் அந்தப் பகுதிதான்.

பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கும் நமக்கு, நீர் கெடுவதற்கென்றே சில உள்ளூர்க் காரணங்கள் இருக்கின்றன. மார்ச், ஏப்ரல் மாதங்களில் இங்கே பகல் வெப்பம் 40 டிகிரியை ஒட்டிப் போகிறது. மூடிய அறையில் விளக்கும் பம்ப்பும் சேர்ந்தால் தொட்டிநீர் 30 டிகிரியைத் தாண்டுவதற்கு அதிக நேரம் ஆகாது. சூடான நீரில் கரைந்திருக்கும் உயிர்வளி குறைவு. அதே வேளையில் பவளத்தின் உயிர்வளித் தேவையோ அதிகம். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. விப்ரியோ கொராலிலிட்டிகஸ் என்னும் பாக்டீரியா, குளிர்ந்த நீரில் அடங்கிக் கிடந்து, 27 டிகிரிக்கு மேல் பொசிலோபோராப் பவளத்தின் திசுவைக் கரைக்கும் அளவுக்கு வீரியம் பெறுகிறது என்று 2003 இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். எனவே 26 டிகிரிக்கும் 29 டிகிரிக்கும் இடையில் இருப்பது வெறும் மூன்று டிகிரி வித்தியாசம் என்று நினைக்கக் கூடாது. மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியே வறண்ட கிழக்குக் காற்று வீசும்போது, நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறிய விசிறி வைத்தாலே வெப்பம் இறங்கும். மே மாதப் புழுக்கத்தில் அதே விசிறி எதுவும் செய்யாது, நீரைக் குளிர்விக்கும் சில்லர்தான் வேண்டும். விசிறி வைத்தால் நீர் வேகமாக ஆவியாகும், உப்புத்தன்மை ஏறும் என்பதையும் மறக்கக் கூடாது. தானியங்கி நிரப்பி இல்லாத தொட்டியில் இரண்டு நாள் வெளியூர்ப் பயணம் போதும், 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) இருக்க வேண்டிய நீர் அதைத் தாண்டிப் போய்விடும்.

நிரப்பும் நீரின் கதை தனி. சித்தூர் வட்டத்தின் கிழக்கே பல ஆழ்துளைக் கிணறுகளில் வருவது கடின நீர். சில இடங்களில் ஃபுளோரைடும் உண்டு. குடிப்பதற்காக வீட்டில் வைத்திருக்கும் ஆர்ஓ கருவி டிடிஎஸ் (நீரில் கரைந்த உப்புகள்) அளவைக் குறைக்குமே தவிர, பூஜ்யத்துக்குக் கொண்டுவராது. பலவற்றில் சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பக் கலக்கும் பகுதியும் இருக்கிறது. ஆர்ஓவுக்குப் பின்னால், எஞ்சிய உப்பையும் பிடித்துவைக்கும் டிஐ ரெசின் குழாய் ஒன்றைப் பொருத்தி, டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்டும் நீரை மட்டுமே நான் தொட்டியில் ஊற்றுகிறேன். இன்னொன்று, இந்தப் பக்கத்துக்கே உரியது: கொசு மருந்துப் புகையும், தோட்டங்களில் தெளிக்கும் பூச்சிமருந்தின் சாரலும். பைரெத்ராய்டு வகை மருந்துகள் இறால், நண்டு போன்றவற்றுக்குக் கொடிய நஞ்சு. தொட்டியில் இறாலும் நண்டும் செத்துக் கிடக்க, அதே நாளில் பவளங்களும் சுருங்கியிருந்தால், நான் முதலில் ஐயப்படுவது காற்றில் வந்த நஞ்சைத்தான். புதிய ஆக்டிவேட்டட் கார்பனை வடிகட்டியில் போட்டு, நீரை மாற்றுவதே உடனடி வேலை.

காரத்தன்மை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மெதுவான உரிதலில் நான் அதிகம் சந்திக்கும் காரணம் இதுதான். இயற்கைக் கடல்நீரின் காரத்தன்மை ஏறக்குறைய 7 டிகேஹெச் (காரத்தன்மையை அளக்கும் அலகு). கால்சியம் 400 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 400 பங்கு) சற்று தாண்டும். மெக்னீசியம் 1,300 பிபிஎம்மை ஒட்டியிருக்கும். தொட்டியில் 7 இலிருந்து 9 வரை எதை வைத்தாலும் பவளம் பழகிக்கொள்கிறது. பழக முடியாதது, திங்களன்று 7 ஆகவும் வியாழனன்று 10 ஆகவும் இருக்கும் நீர். காரக் கரைசலைச் சிறிது சிறிதாகச் செலுத்தும் டோசிங் பம்ப்பின் குழாய் அடைத்து நின்று, பிறகு அதை ஈடுகட்ட மொத்தமாக ஊற்றுவதும், வழக்கமாக வாங்கும் உப்பை விட்டு வேறு உப்பில் பெரிய அளவு நீர் மாற்றுவதும் இப்படித்தான் முடிகின்றன. ஒரு நாளில் ஒரு டிகேஹெச்சுக்கு மேல் எந்தத் திசையிலும் நகர்த்தக் கூடாது என்பதே நான் பின்பற்றும் எல்லை. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யமாக இருப்பதைப் பெருமையாகச் சொல்கிறவர்களும் உண்டு. அது பவளத்தைப் பட்டினி போடுவது. 5 பிபிஎம்மை ஒட்டிய நைட்ரேட்டும், பூஜ்யத்துக்குச் சற்று மேலே அளவிடத்தக்க பாஸ்பேட்டும் இருப்பது நல்லது.

அளவுகள் சீராக இருந்தும் அடியிலிருந்து உரிகிறது என்றால் புழுவைத் தேட வேண்டும். அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழு 2011 இல்தான் முறையாக விவரிக்கப்பட்டது, ஆனால் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தெரியும். பவளத்தின் நிறத்தையே தன் மேல் ஏற்றிக்கொள்வதால் கண்ணெதிரே இருந்தாலும் தெரியாது. தெரிவது அது விட்டுச்சென்ற தடம்: திசுவின் மேல் ஒரு மில்லிமீட்டர் அளவில் வட்ட வட்டமான வெளிர் புள்ளிகள், அடிப்பகுதியின் வெற்றுச் சட்டகத்தில் தேன்நிறத்தில் அடுக்கடுக்காக ஒட்டிய முட்டைகள். ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் நீரை எடுத்துக் கிளைகளின் இடுக்கில் வேகமாகப் பீய்ச்சினால், காகிதத் துணுக்குபோல ஒன்று சுருண்டு பறக்கும். அதை வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்தால் ஊர்வது தெரியும். பவளங்களை முக்கி எடுப்பதற்கென்று விற்கும் டிப் மருந்துநீர் புழுவைக் கழற்றும், முட்டையைத் தொடாது. எனவே முட்டை ஒட்டிய சட்டகத்தை வெட்டி எறிந்துவிட்டு, வாரம் ஒருமுறையாகப் பல வாரங்கள் முக்கி எடுக்க வேண்டும். தக்காளித் தோட்டத்துக்கு வாங்கி வைத்த இமிடாக்ளோபிரிட் பூச்சிமருந்தைப் பயன்படுத்தலாமா என்று கேட்கிறார்கள். வெளிநாட்டுத் தொட்டிக்காரர்கள் அந்த வகை மருந்தொன்றைப் பயன்படுத்துவது உண்மை. ஆனால் இங்கே கிடைக்கும் கலவைகளின் செறிவும் கரைப்பானும் வேறு; என் வீட்டில் அதை அனுமதிக்க மாட்டேன். தட்டுப்போல வளரும் மான்டிபோராப் பவளத்தின் விளிம்பு உரிந்தால் தட்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள், வெள்ளையாகச் சொரசொரப்பான சிறு நியூடிபிராங்க் (ஓடில்லாக் கடல் நத்தை) அங்கே இருக்கும்.

யூஃபிலியாப் பவள வகைகளில், குறிப்பாக டார்ச் பவளத்தில், வரும் பழுப்புக் கோழை நோய்க்கு ஐயப்பாடே தேவையில்லை. நேற்றுவரை கை நிறைய விரிந்திருந்த தலை சுருங்கி, அதன் மேல் பழுப்பு நிறக் கோழை திரண்டு, நீரோட்டத்தில் நூல்நூலாக ஆடும்; வெளியே எடுத்தால் அழுகல் நாற்றம் முகத்தில் அடிக்கும். அதில் ஒரு சொட்டை எடுத்துப் பள்ளிக்கூட நுண்ணோக்கியில் வைத்தாலே, வயிறு நிறையப் பொன்னிறப் பாசியணுக்களோடு சிலியேட்டுகள் மொய்த்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பவளத்தின் திசுவை விழுங்கியபோது அதிலிருந்த சூசாந்தெல்லேவும் அவற்றின் வயிற்றுக்குள் போயிருக்கிறது. அந்தப் பழுப்பு நிறம் அங்கிருந்து வருவது. பாக்டீரியாவும் இதில் பங்கேற்கிறது, எது முதலில் வந்தது என்ற விவாதம் முடியவில்லை. ஆனால் செய்ய வேண்டியது தெளிவானது, வரிசையும் முக்கியமானது.

பவளத்தை உடனே தூக்கக் கூடாது. தூக்கினால் கோழை பிய்ந்து தொட்டி முழுவதும் பரவும். எல்லாப் பம்ப்புகளையும் நிறுத்தி, காற்றுக்குழாய் ஒன்றின் நுனியைக் கோழையின் மேல் வைத்து, வாளிக்குள் இறங்குமாறு உறிஞ்சி எடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் போன பிறகே பவளத்தைத் தொட்டிநீர் நிரப்பிய இன்னொரு வாளிக்கு மாற்றி, மிச்சத்தைச் சிரிஞ்சால் பீய்ச்சிக் கழுவ வேண்டும். கிளைவிடும் டார்ச் என்றால் நோய்ப்பட்ட தலையை அதன் தண்டோடு வெட்டி எறிவதே நான் தரும் அறிவுரை. ஒரு தலைக்காக மற்றத் தலைகளைப் பணயம் வைக்க வேண்டாம். பிறகு லூகால்ஸ் அயோடினைத் தொட்டிநீரில் வெளிறிய கட்டஞ்சாய (பால் சேராத தேநீர்) நிறம் வரும்வரை சொட்டுச் சொட்டாகக் கலந்து, பத்து முதல் பதினைந்து நிமிடம் வைத்து, வேறொரு கிண்ணத்தில் எடுத்த தொட்டிநீரில் அலசி, தனித்தொட்டியில் வைக்க வேண்டும். லூகால்ஸ் கிடைக்காமல் மருந்துக்கடையில் போவிடோன் அயோடின் வாங்குகிறவர்கள், அது அறுவைக்கு முன் கை கழுவும் ஸ்கிரப் வகை அல்ல என்பதைப் புட்டியில் படித்து உறுதி செய்துகொள்ள வேண்டும். அதில் சோப்பு கலந்திருக்கும், அந்தச் சோப்பே பவளத்தைக் கொல்லும். டிப் நீரைத் தொட்டிக்குள் ஒரு துளிகூடத் திரும்ப ஊற்றக் கூடாது.

ஆர்டிஎன்னுக்கு இத்தனை நிதானம் கிடையாது. காத்திருந்து பார்ப்போம் என்று சொல்லும் நான், இதில் மட்டும் உடனே வெட்டச் சொல்கிறேன். விளிம்பிலிருந்து குறைந்தது ஒரு சென்டிமீட்டர் உள்ளே, நன்றாக நிறம் பிடித்த திசுவில் கட்டரை வைத்து வெட்டி, கிளை நுனிகளை எத்தனை முடியுமோ அத்தனைத் துண்டுகளாக எடுத்து, அயோடினில் முக்கி, வெட்டுமுகத்தை ஜெல் வகை சூப்பர் குளூவால் மூடி, ஒன்றோடொன்று தொடாமல் தனித்தனிச் சிறு தட்டுகளில் ஒட்ட வேண்டும். கூடுமானால் ஒன்றிரண்டை நண்பரின் தொட்டிக்குக் கொடுங்கள். எல்லாத் துண்டும் பிழைக்காது, ஆனால் தாய்ப்பவளம் போன பின்பும் வகை தங்கும். மெதுவான உரிதலிலும், நீர் சீரான பிறகும் விளிம்பு நிற்காமல் நகர்ந்தால் இதே பசையை விளிம்பின் மேல் அரைவிரல் அகலத்துக்குத் தடவி அணை போடலாம். பல நேரங்களில் அது அங்கேயே நின்றுவிடும்.

ஆன்டிபயாட்டிக் பற்றிய கேள்வி இப்போதெல்லாம் அதிகம் வருகிறது. அதற்குக் காரணம் ஃபுளோரிடா. 2014 இல் மயாமிக் கடற்கரையை ஒட்டித் தொடங்கிய கல்பவளத் திசு இழப்பு நோய், இருபதுக்கும் மேற்பட்ட பவள இனங்களைத் தாக்கி, கரீபியக் கடல் நெடுகப் பரவியது. அங்கே மெதுவாகக் கசியும் பசையில் அமாக்சிசிலின் என்னும் ஆன்டிபயாட்டிக்கைக் கலந்து, கடலுக்கடியில் காயத்தின் விளிம்பில் பூசினார்கள். பூசிய காயங்கள் பெரும்பாலும் நின்றன. ஆனால் அதே பவளத்தில் வேறிடத்தில் புதுக் காயம் தோன்றுவதை அது தடுக்கவில்லை. மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்பதால் பாக்டீரியாவே மூலகாரணம் என்றும் நிறுவப்படவில்லை. இந்த அனுபவத்திலிருந்து நான் எடுத்துக்கொள்வது: வெப்பமும் காரத்தன்மையும் புழுவும் காரணம் இல்லை என்று உறுதியான பிறகு, அயோடினும் வெட்டும் பலிக்காதபோது, காயத்தில் மட்டும் பூசுவதற்கோ தனிவாளியில் முக்குவதற்கோ ஆன்டிபயாட்டிக்கை நினைக்கலாம். தொட்டி முழுவதிலும் கொட்டினால், அம்மோனியாவைக் கையாளும் நல்ல பாக்டீரியாவும் சாகும், எஞ்சியவை மருந்தை எதிர்க்கப் பழகும். அந்த வாளிநீரைச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ ஊற்றக் கூடாது. நம் வாய்க்கால்கள் சித்தூர்ப் புழை ஆற்றில் சேர்கின்றன, அதில் மாடும் மனிதரும் குளிக்கிறார்கள். பிளீச்சிங் பவுடர் கலந்து ஒரு நாள் மூடி வைத்த பிறகு, பயிரில்லாத மண்ணில் ஊற்றுங்கள். மருத்துவர் சீட்டில்லாமல் இந்த மருந்துகளைக் கடையில் கேட்டு நிற்பதும் தவறு. கால்நடை மருத்துவரிடம் பவளத்தின் படங்களோடு போங்கள்.

வாங்கும்போதே தடுக்கக்கூடியது ஒன்று இருக்கிறது. இந்தியக் கடலின் கல்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து பெயர்த்து வந்ததை விற்பதும் வாங்குவதும் குற்றம். உலகளவில், அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பும் இவற்றைக் கட்டுப்படுத்துகிறது. ஆவணம் காட்ட முடியாதவரிடம் வாங்காதீர்கள். கடலிலிருந்து பெயர்த்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவரப்பட்ட பவளம்தான் புழுவையும் நோயையும் அதிகம் சுமந்து வருகிறது என்பதும், அப்படி வந்ததில் மிகப் பெரும்பாலானவை தொட்டியில் சாகின்றன என்பதும் எனக்கு வருத்தம் தரும் உண்மைகள். சட்டம் இருக்கட்டும், அந்தப் பாறையை உருவாக்க அந்த உயிர் எடுத்துக்கொண்ட காலத்தை நினைத்தாலே கை கூச வேண்டும்.

பிழைத்த துண்டுகளுக்கு அதன்பின் வேண்டியது குறைந்த வெளிச்சம், மிதமான ஆனால் நிற்காத நீரோட்டம், மாறாத காரத்தன்மை. தினமும் எடுத்து எடுத்துப் பார்ப்பதை நிறுத்துங்கள். வெட்டுமுகத்தை மூடிய பசையின் மேல் மெல்லிய புதுத்திசு ஏறி, அதன் ஓரத்தில் வளர்ச்சியின் வெளிர் கோடு தெரியத் தொடங்கும். அந்தக் கோடு தட்டுவரை இறங்கி ஒட்டிக்கொண்ட பிறகு, கடைசியாக ஒருமுறை முட்டை இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் நான் துண்டைப் பெரிய தொட்டிக்கு மாற்றுகிறேன்.